தரகர் திருப்பதியின் மோட்டார் வள்ளம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நாயக்கன் கண்மாயின் மடையைக் காத்து நிற்கும் மடைக்கருப்பின் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்கு, போடி மலையில் விளைகிற ஏலக்காய் அத்தனையின் மேலும் ஆணை. ஒரு சங்கதியை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வள்ளத்தை ஓட்டியது கரண்டு மோட்டார். கருப்பு இழுத்தார், குதிரையை விட்டு இறங்கி நீந்தியே இழுத்தார் என்றெல்லாம் போடியில் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். விவரம் கெட்ட பேச்சு. பேட்டரி, மோட்டார், தண்ணீருக்குள் சுற்றும் இலை, அவ்வளவுதான்.

பட்டாளத்து ஜீப்புகள் ஏலத்துக்கு வந்து, துப்பாக்கிக்குப் பதிலாக ஏலக்காய் சுமக்கத் தொடங்கியிருந்த காலம். மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், வெயில் ஏறும் நேரத்தில், ஏலக்காய்த் தரகர் திருப்பதி கண்மாய்க் கரையோரம் தன் வள்ளத்துக்குள் உட்கார்ந்து துடுப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தூக்கியது. வலது கை இடுப்பு வரைக்கும் வந்து, அதற்கு மேல் நடப்பது எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றுவிட்டது. ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டார். வள்ளம் அழகாக ஒரு வட்டம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமையை முட்டியது. எருமை ஏறிட்டுப் பார்த்தது. "என்னத்தப் பாக்குற? ஒஞ்சோலியப் பாரு" என்றார் திருப்பதி. எருமை பார்வையை எடுக்கவில்லை.

தோள்பட்டை போனது புரட்டாசியில். குரங்கணியிலிருந்து லோடு ஏற்றி வந்த ஜீப்பில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். ஒரு வளைவில் ஜீப்பு வளைந்தது. திருப்பதியும் ஒரு மூட்டையும் வளையவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் இறங்கினார்கள். விழும்போதும் அவர் தரகர்தான். முதல் தரத்துப் பச்சைக்காய் என்பது நினைவில் இருந்ததால் மூட்டையை மார்பின் மேல் அணைத்துக்கொண்டு தாம் அடியில் போனார். பிறகு மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு காய்கூட வெடித்திருக்கவில்லை. மூட்டைக்காரர் அழகுமலை இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். தோளைப் பற்றிக் கேட்டவர்களிடம், "அது கெடக்குது, காயப் பாத்தீகளா" என்றார்.

தொழிலுக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்த நாளில் ஏலக்காய்க்கு விலை வாயால் பேசப்படுவதில்லை. வாங்குகிறவரும் தரகரும் எதிரெதிரே உட்கார்ந்து கைகள் இரண்டையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்தால் ஒரு விலை, இரண்டு விரலைப் பிடித்தால் வேறு விலை, உள்ளங்கையைச் சுரண்டினால் "போய்யா" என்று பொருள். மேலே முகம் இரண்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் வியாபாரிகள் துண்டின் மடிப்பு அசைவதைப் பார்த்தே விலையைக் கணக்குப் போடப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் தோள் தேவையில்லை. திருப்பதியின் வலது கை மடிமேல் இருந்தபடியே ஆறு நாளும் மலையை விற்றது. ஏழாவது நாளுக்குத்தான் அது உதவவில்லை. ஆறு நாளும் அடுத்தவர் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு, யாரும் விலை கேட்காத இடமென்று இருந்தது கண்மாயின் நடுத்தண்ணீர் ஒன்றுதான். அங்கே தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் விரால் மீன் கொத்தும், அல்லது கொத்தாது. இரண்டுக்கும் நடுவே பேரம் கிடையாது.

அந்த வள்ளம் வந்த கதையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனாலும் உண்மை. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்து எஸ்டேட்டில் ஒரு கங்காணி, ஊரைப் பிரிந்த ஏக்கத்தில், அயினி மரம் ஒன்றைக் குடைந்து, அவர் ஊர்ப்பக்கம் கொச்சு வள்ளம் என்கிற சிறு படகைச் செய்து வைத்திருந்தார். மிதக்கவிட மலையுச்சியில் தண்ணீர் இல்லை. ஒரு மழைக்காலத்தில் திருப்பதி அதை வாங்கி, தலைச்சுமையாகக் குரங்கணிப் பாதையில் இறக்கினார். சுமந்த ஆறு பேரும் வள்ளத்தைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்ததால், அடைமழையில் ஒரு சொட்டு நனையாமல் வந்து சேர்ந்த ஆறு பேர் போடி வரலாற்றிலேயே அவர்கள்தான். வழியில் சோதனைச் சாவடிக்காரர் மறித்து, மலையிலிருந்து படகு இறங்குவதற்கு எந்த விதியும் தன்னிடம் இல்லாததால், நெடுநேரம் யோசித்து, குடை என்று சொல்லி அனுப்பிவைத்தார். வள்ளம் அவ்வளவு ஒடுக்கம். இரண்டாவது ஆள் ஏறவேண்டுமென்றால் முதல் ஆள் இறங்கிவிட வேண்டும். ஆகையால் துணைக்கு ஆள் வைத்துத் துடுப்புப் போடச் சொல்கிற பேச்சுக்கும் இடமில்லை.

அந்த ஒடுக்கத்தின் மேல்தான் ராக்கையாவுக்குக் கண். ராக்கையா திருப்பதியின் மைத்துனன். ராசிங்காபுரத்தில் நிலமும், அதைவிட அவன் உயிராய் நினைக்கும் இரண்டு காளைகளும் வைத்திருந்தான். வள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதை நடுவில் அறுத்தால் காளைக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர்த்தொட்டி கிடைக்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. புரட்டாசிக்குப் பிறகு அந்தத் தோற்றம் வலுத்தது.

"மாமா, கரையில கெடந்து கரையானுக்குப் போறதுக்கு மாட்டுக்காவது ஆகட்டும். மாட்டுப் பொங்கலுக்குப் புதுத் தொட்டியில தண்ணி காட்டணும்னு ஆசையா இருக்கு."

"மாட்டுக்கா, ஒனக்கா, மாப்ளே?"

"யாருக்கா இருந்தா என்ன? நீங்க அதுல உக்காந்து எருமையத்தான முட்டுறீங்க."

திருப்பதியின் மனைவி ஜக்கம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தோள் ஊமையான மனிதர் தனியாக நடுத்தண்ணீருக்குப் போய்க் கவிழ்ந்தால் தூக்க நாதியில்லை என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை. தீர்ப்பாகத்தான் சொன்னாள். "போகிப் பண்டிகையன்னைக்கு இவுக கரையிலருந்து மடைக்குப் போயி, கருப்பக் கும்பிட்டு, திரும்பி வரட்டும். கூட யாரும் ஏறக் கூடாது. யாரும் இழுக்கக் கூடாது. வந்துட்டா வள்ளம் இவுகளுக்கு. இல்லேன்னா அறுத்துருவோம்."

திருப்பதி ஒப்புக்கொண்டார். விரல் பிடித்துப் பழகியவர் ஆகையால், அவள் சொன்னதில் எங்கே இடைவெளி இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிட்டது. கூட ஏறக் கூடாது. இழுக்கக் கூடாது. தள்ளுவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுநாள் காலை சத்தியநேசன் கடைக்குப் போனார். சத்தியநேசன் தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து, ஜீப்புக்கும் ரேடியோவுக்கும் பேட்டரி சார்ஜ் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருந்தவர். மலைக்குப் போகிற ஜீப்புகளின் பேட்டரிகள் பலகை முழுக்க வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு என்பதால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சாக்கட்டியால் உடையவர் பெயரை எழுதியிருப்பார். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பேட்டரிப் பெட்டி ஒன்று, கடைக்கு அடையாளமாக வாசலில் தொங்கும். மனிதர் பொய் சொல்ல மாட்டார். அது ஊரறிந்த தொல்லை. "இந்த பேட்டரி ரெண்டு நாளைக்குத் தாங்குமா?" என்று கேட்டால் "தாங்காது" என்பார். வேதக்காரர்; சர்ச்சில் பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதே எழுந்து, "அய்யா, அது அஞ்சு அப்பந்தான், ஏழு இல்ல" என்று திருத்தியவர். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. சாட்சி சொல்லக் கூப்பிடுகிறவர்கள் அதிகம்.

திருப்பதி விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய் இரும்புச் சாமான்களைக் கிளறினார். பிறகு பழைய பட்டாளத்து லாரியிலிருந்து கழற்றிய டைனமோ ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அண்ணாச்சி, இதச் சுத்துனா கரண்டு வரும். கரண்டக் குடுத்தா இது சுத்தும். ஒரே சாதனம், ரெண்டு குணம். பாத்துக்கிடுங்க." பேட்டரியிலிருந்து இரண்டு கம்பியை இழுத்துத் தொட்டார். டைனமோ தேனீயைப் போல் மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. திருப்பதி தம்மையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார், இடுப்பு உயரத்தில்தான்.

வைக்கோலைப் போட்டு மூடி, வண்டிக்காரன் மொக்கையனின் மாட்டுவண்டியில் வள்ளத்தைக் கடையின் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மைத்துனனுக்குத் தெரிந்தால் மோட்டாரும் ஒரு ஆள்தான் என்று வழக்குப் பேசுவான் என்பதால் வேலை ரகசியமாக நடந்தது. வள்ளத்தின் பின்முனையில் டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து நீண்ட இரும்புக் கம்பியொன்றைக் குழாய்க்குள் விட்டுச் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும்படி செய்தார் சத்தியநேசன். கம்பியின் நுனியில் மாட்ட இலை வேண்டும். தகரத்தில் வெட்டிய இலை முதல் சோதனையிலேயே முறுக்கிக்கொண்டது. கனமான பித்தளை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார். திருப்பதி வீட்டுக்குப் போய், பரணில் இருந்த பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வேட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று சத்தியநேசன் கேட்கவில்லை. கேட்டால் பதிலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிவரும்.

மோட்டாரை ஓடவும் நிற்கவும் செய்ய ஒரு ஜீப்பு ஹாரனின் பொத்தானைப் பிடுங்கி, உட்காரும் பலகையில் வலது தொடைக்குப் பக்கத்தில் பதித்தார். கை உயர வேண்டியதில்லை. அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பக்கம் திருப்ப இடது கையில் துடுப்பைச் சும்மா தண்ணீரில் பிடித்தால் போதும். "பொத்தான் மேல மட்டும் தண்ணி படக் கூடாது அண்ணாச்சி. நனஞ்சா சோலி முடிஞ்சுது. ஒரு துணியப் போட்டு மூடிக்கிடுங்க." திருப்பதி தோளிலிருந்த துண்டை எடுத்துப் பொத்தானின் மேல் போட்டு, கையை அதற்குள் நுழைத்தார். கை தானாகவே பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்கட்டுத் தண்ணீர்த்தொட்டியில் பின்முனையை மட்டும் இறக்கிச் சோதித்தார்கள். தொட்டித் தண்ணீர் முழுவதும் பக்கத்து வீட்டு அடுப்பில் போய் விழுந்தது. "ஓடும்" என்றார் சத்தியநேசன். அவர் சொன்னால் சொன்னதுதான். "தண்ணிக்குள்ள போயிட்டா சத்தம் அடங்கிரும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போகிக்கு முதல்நாளே வள்ளம் கரைக்குப் போய்விட்டது. டைனமோவை ஏலக்காய்ச் சாக்கால் போர்த்தியிருந்ததால், தரகர் சாப்பாட்டுக்கு ஏதோ கட்டி வைத்திருக்கிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறி முடிந்து போகியன்று காலையில் வருவதாக ஏற்பாடு. அன்று சத்தியநேசனால் வர முடியவில்லை. பொங்கலுக்கு மலையிறங்கும் ஜீப்புகள் அத்தனையும் கடைவாசலில் நின்றன; போதாததற்குப் பண்டிகைக்காகக் கடையையும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. மொக்கையன்தான் வண்டியில் போய் எடுத்து வந்தான். வண்டியிலிருந்து இறங்கி பேட்டரியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு அவன் கரைமேல் நடந்து வந்த தோரணையைப் பார்த்து, நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"ஏப்பா மொக்கையா, கனக்கலயா?"

"ஒடம்புல தெம்பிருந்தா எதுவும் கனக்காதுண்ணே" என்றான் மொக்கையன்.

சிவப்புக் கம்பியை இந்தப் பக்கம், கறுப்பை அந்தப் பக்கம் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி மாட்டி, சாக்கால் மூடிவிட்டு இறங்கினான்.

ஏல மண்டிகள் மூடிய நாள் என்பதால் கரை நிறைய வியாபாரிகள். பந்தயம் என்று கேள்விப்பட்டால் போடியில் கூட்டத்துக்குக் குறைவு வராது. அழகுமலை குடை பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார். ராக்கையா வண்டியோடு வந்திருந்தான்; வண்டியில் தச்சரும் அவருடைய பெரிய ரம்பமும் இருந்தன. காளைகள் இரண்டையும்கூட, அவர்களுக்கு வாங்குகிற பொருளை அவர்களும் பார்க்கட்டும் என்று ஓட்டிவந்திருந்தான். ஜக்கம்மாள் கரைச் சரிவில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

திருப்பதி ஏறி உட்கார்ந்தார். மலைப்பக்கம் முழுவதும் வெள்ளை மேகம் படிந்திருந்தது. கண்மாய் கரைமுட்டக் கிடந்தது. எதிர்ப்பக்கம் மடையும், அதன் தலைமேல் அரிவாளைத் தூக்கி நிற்கும் கருப்பும் விரலளவு தெரிந்தார்கள். துண்டை எடுத்து மடிமேல் விரித்தார். வலது கையைத் துண்டுக்குள் விட்டார். பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. கரையில் ராக்கையா தச்சரைப் பார்த்துத் தலையசைத்தான். திருப்பதிக்கு நெற்றியில் வியர்த்தது. அந்த நொடியில் அவருக்கு வள்ளம்கூட நினைவில்லை. இனி வருகிற ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக ராசிங்காபுரத்துத் தொழுவத்தில் நின்று தண்ணீர் குடிப்பதுதான் தெரிந்தது. மடையை நிமிர்ந்து பார்த்தார். உதட்டை அசைத்து என்னவோ சொன்னார். இதைக் கரையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மறுபடி அழுத்தினார்.

வள்ளம் நகர்ந்தது. முதலில் யாரோ யோசித்துக்கொண்டு நடப்பதுபோல; பிறகு முடிவு செய்துவிட்டவர் நடப்பதுபோல. சத்தியநேசன் சொன்னது சரிதான், சத்தம் துளிகூட இல்லை. தண்ணீர் அதை முழுசாக அடக்கிவிட்டது. பின்முனைக்கு அடியில் பித்தளை மட்டும் வெயிலில் பளிச் பளிச்சென்று மின்னியது. துடுப்பு தண்ணீரில் சும்மா கிடந்தது. நாரைகள் வழிவிட்டன. நடுத்தண்ணீருக்கு வந்தபோது திருப்பதி பொத்தானிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். மரியாதைக்குக் கொஞ்ச தூரம் போய் வள்ளம் நின்றது. அழுத்தினார், போயிற்று. அவருக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு முறை விட்டு அழுத்தினார். சின்ன வயதில்கூட அவர் அப்படி விளையாடியது கிடையாது.

கரையில் நின்றவர்கள் கண்டதோ வேறு. துண்டு விரித்த மடி. துண்டுக்குள் தரகரின் வலது கை. முன்னால் மடைக்கருப்பு. துண்டின் மடிப்பு அசைகிறது, வள்ளம் போகிறது. மடிப்பு அடங்குகிறது, வள்ளம் நிற்கிறது. வேறு ஊரில் வேறு ஆட்களாக இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. போடி வியாபாரிகளுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சி.

"வெல பேசுறாருய்யா" என்றார் அழகுமலை மெல்ல.

"யாரு கூட?"

"எதுக்க யாரு இருக்கா? பாரு, ஒரு தடவ படியல, நின்னுருச்சு. ஏத்திக் கேக்குறாரு. இந்தா, படிஞ்சிருச்சு."

பின்முனைக்கு அடியில் மின்னியது கருப்பின் அரிவாள் என்பதை இன்னொருவர் கண்டுபிடித்தார். மெல்ல எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். தச்சர் ரம்பத்தை வைக்கோலுக்குள் மறைத்தார். மடையடியில் வள்ளம் நின்றதையும், திருப்பதி கும்பிட்டதையும், வள்ளம் தானாகத் திரும்பி எதிர்காற்றில் அலையை வெட்டிக்கொண்டு வந்ததையும் கரையில் அத்தனை பேரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். முனை கரையில் இடித்து நின்றபோது ஒரு பெண் குலவையிட்டாள். எருமைகூட ஒதுங்கி நின்றது.

திருப்பதி எழுந்து, "என்ன மாப்ளே, காளைக்கு வேற தொட்டி பாத்துக்க" என்றார்.

ராக்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி தொட்ட மரத்த மாடு நக்கலாமா மாமா? எனக்கு வேண்டாம்."

"அப்ப வள்ளம் எனக்கு."

"அதெப்படி?" என்றாள் ஜக்கம்மாள். எழுந்து நின்று புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை. "யாரும் இழுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. கருப்பு இழுத்திருக்காரு. இனி இது ஒங்களுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. அவருக்கு. மடையில கொண்டுபோயி வச்சிருவோம். வருசத்துக்கு ஒருக்கா பொங்க வைக்கட்டும்."

கூட்டம் அதை ஒரே குரலாக ஆமோதித்தது. மாலை வாங்கி வர ஒருவர் ஓடியே விட்டார். அழகுமலை பக்கத்தில் வந்து, துண்டைத் தம் கையின் மேல் போட்டு நீட்டினார். "தரகரே, ரகசியமா இருக்கட்டும். கருப்பு என்ன வெலைக்குப் படிஞ்சாரு? அதச் சொல்லிட்டா பொங்கல் கழிஞ்சு மண்டியில நான் பாத்துக்கிருவேன்."

ஜெயித்த இடத்தில் தோற்பது எப்படி என்பதைத் திருப்பதி அன்றுதான் கற்றுக்கொண்டார். தொட்டியாகப் போயிருந்தாலாவது ராசிங்காபுரம் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். மடையில் மாலையும் சந்தனமுமாக நிற்கிற வள்ளத்தில் ஏறித் தூண்டில் போட எவன் விடுவான்? அவசரமாகச் சாக்கை உருவினார். "கருப்புமில்ல, ஒண்ணுமில்ல. மோட்டாரு! கரண்டு மோட்டாரு! நம்ம சத்தியநேசன் பண்ணது."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "இதுவா?" என்றார் அழகுமலை. "மதுர பஸ்சு வந்தா அரை மைலுக்கு அங்கிட்டே சத்தம் கேக்குது. இது தும்மக்கூட இல்லையே. எங்க, ஓட்டிக் காட்டுங்க."

திருப்பதி பொத்தானை அழுத்தினார். டைனமோ சும்மா இருந்தது. மறுபடி அழுத்தினார். அதன் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. "சார்ஜு தீந்துபோச்சு" என்றார். யாரோ சிரித்தார்கள். கருப்பு கொடுத்ததை மறைக்கப் பார்க்கிறார் என்று இன்னொருவர் கோபப்பட்டார். இதற்குள் ராக்கையா பின்முனையைத் தூக்கி, தண்ணீர் சொட்டும் பித்தளை இலையைப் பார்த்துவிட்டான். "அக்கா, இங்க வா. இதுல பேரு வெட்டியிருக்கு." ஒரு இலையில் அவர்களுடைய அப்பாவின் பெயரில் பாதி, எதிர் இலையில் மீதி.

"எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்த தாம்பாளம்!" என்றாள் ஜக்கம்மாள். அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றைக் கேட்டுக் காளைகளே தலையைக் குனிந்துகொண்டன. ஆனால் அப்படித் திட்டித் தீர்த்த பிறகு அவள் ஒரு நியாயம் சொன்னாள். "சரி, அந்த மெக்கானிக்கு வரட்டும். அவரு பொய் சொல்ல மாட்டாரு. தன் மோட்டாருதான் ஓட்டுச்சுன்னு அவரு வாயால சொல்லட்டும். வள்ளத்த வச்சுக்கங்க. இல்லேன்னா கருப்புக்கு."

ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில், கடனாக வாங்கிய ஜீப்பு ஒன்றில் சத்தியநேசனே வெகு வேகமாக வந்து இறங்கினார். முகத்தில் சுண்ணாம்பு தெறித்திருந்தது. இறங்கும்போதே, "அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க, நான்..." என்று தொடங்கியவர், மாலையோடு நின்ற கூட்டத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். ஆளுக்கு ஒரு பக்கமாக நடந்ததைச் சொன்னார்கள். மடை வரைக்கும் போனதா என்று கேட்டார். போனது என்றார்கள். திரும்பியும் வந்ததா என்றார். எதிர்காற்றில் வந்தது என்றார்கள். சத்தியநேசன் வள்ளத்தின் அருகே போய், குனிந்து, பெட்டியின் மேல் கிடந்த சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். நிமிர்ந்தபோது திருப்பதியின் முகத்தைத்தான் பார்த்தார். அத்தனை நாளும் துண்டுக்கு மேல் ஒரு உணர்ச்சியும் காட்டாத முகம் அது. இப்போது அதில் எல்லாம் எழுதியிருந்தது.

"சொல்லுங்க" என்றாள் ஜக்கம்மாள். "ஒங்க மோட்டாருதான் ஓட்டுச்சா?"

சத்தியநேசன் முகத்துச் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டார். ஒருமுறை மடைப்பக்கம் பார்த்தார்.

"என் மோட்டாருதான்" என்றார்.

அவ்வளவுதான். அவர் சொன்னால் சொன்னதுதான். கூட்டம் ஏமாற்றத்தோடு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கலைந்தது. அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாங்கிய மாலை வீணாகாமல் ராக்கையா ஒரு காளையின் கழுத்தில் கட்டினான். இன்னொரு காளைக்கு இல்லாததால் வழியெல்லாம் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டு போனான். ஜக்கம்மாள் வள்ளத்தின் விளிம்பைத் தொட்டு, ஆட்டிப் பார்த்து, "அடுத்த தரம் ஒரு கயித்த இடுப்புல கட்டிக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

திருப்பதி நன்றி சொல்ல ஜீப்பருகே ஓடினார். முன்சீட்டில் சாக்கால் மூடிய ஏதோ கனமான பொருள் இருந்தது; தம்மைக் கண்டதும் சத்தியநேசன் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்ததை அவர் கவனித்தார், பெரிதாக நினைக்கவில்லை. "தம்பி, சார்ஜு சீக்கிரம் தீந்துருது. அதக் கொஞ்சம் பாருங்க." "பாக்குறேன் அண்ணாச்சி" என்றார் சத்தியநேசன். ஜீப்பு கரையோடு போயிற்று. நேராக ஊருக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் மடைப்பக்கம் போய் நின்றது. மங்கிய வெளிச்சத்தில், வேதக்காரரான சத்தியநேசன் ஜீப்பிலிருந்து இறங்குவதும், செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதும், கருப்பின் எதிரே கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பதும் திருப்பதிக்கு இந்தக் கரையிலிருந்து தெரிந்தது.

ஜீப்பின் முன்சீட்டில் இருந்தது முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி; நெற்றியில் சாக்கட்டியால் 'திருப்பதி' என்று எழுதியிருந்தது; அன்று முழுவதும் அது கடைப் பலகையை விட்டு இறங்கவேயில்லை; மொக்கையன் ஒற்றைக் கையில் தூக்கி வந்து மாட்டியது, வெள்ளையடிப்பதற்காக வாசலிலிருந்து கழற்றி வைத்திருந்த வெறும் பெட்டி.